‘இரத்தம் காணாது’: ஒரு சொல்லுக்குள் இருக்கும் பல நோய்கள்

உடம்பு வெளிறிப்போய், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊர்களில் இரண்டு சொற்கள் போதும்: ‘இரத்தம் காணாது.’ மன்னார் நகருக்கும் பேசாலைக்கும் இடையிலுள்ள தாராபுரத்தில் வீட்டில் நோயாளரைப் பராமரிக்கும் பெண்களோடு பேசியபோது நான் திரும்பத் திரும்பக் கேட்டதும் இதைத்தான். கர்ப்பிணிக்கும் இரத்தம் காணாது, மாதந்தோறும் வாட்டில் படுத்து இரத்தம் ஏற்றும் பிள்ளைக்கும் இரத்தம் காணாது, செல் துண்டு பட்டு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் இரத்தம் காணாது.

இந்தச் சொல் விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் செய்யும் பராமரிப்பு சில வேளைகளில் நேர்மாறான பலனைத் தரும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணுக்கு ஈரல் கறி நல்லது. தலசீமியா நோயுள்ள பிள்ளைக்கு அதே ஈரல், ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கும் இரும்பை இன்னும் கூட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ, உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஆகவே அது முதலாமவருக்குக் கெடுதல், இரண்டாமவருக்கு உதவி. ஒரே அடுப்படியில் இரண்டு பேருக்கும் சமைக்கும் தாய்க்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இரத்த நோய்களின் பராமரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காகிதங்களைத் தொலைத்த மக்கள்

பெயர் தெரியாமல் போனதற்கு அறியாமையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது தாராபுரம், எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். புத்தளத்திலும் குருநாகலிலும் அனுராதபுரத்திலும் புதிய வைத்தியசாலைகளில் புதிய கொப்பிகள் திறக்கப்பட்டன. அதே காலத்தில் மன்னார்த் தமிழ்க் குடும்பங்கள் பல மடுவுக்கும், கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போயின. 2009 இல் பெப்ரவரி தொடக்கம் மே வரை புதுமாத்தளனிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர் பலர், முதலில் யார் என்ன சிகிச்சை செய்தார் என்ற விவரமே இல்லாமல் திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் இறங்கினார்கள்.

இரத்தமும் நோயெதிர்ப்பும் சம்பந்தப்பட்ட நோய்கள் நினைவை நம்பிப் பராமரிக்கக்கூடியவை அல்ல. எத்தனை தடவை இரத்தம் ஏற்றியது, எந்த மருந்துக்கு உடல் ஒவ்வவில்லை, எந்த உறுப்பை எடுத்தார்கள் என்பவை பத்து வருடம் கழித்தும் உயிரைத் தீர்மானிக்கும். எனவே தொலைந்த காகிதத்தை மீண்டும் எழுதுவதும் ஒரு சிகிச்சை.

முதல் கேள்வி: இரும்பு குறைவா, அல்லது வேறொன்றா?

சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் வளர்ந்த ஆணுக்கு 13 கிராமுக்கும், பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் கீழே போனால் அதை இரத்தச்சோகை என்கிறார்கள். எஃப்.பி.சி. எனப்படும் முழு இரத்தக் கணிப்பீட்டில் இது தெரிந்துவிடும்.

அதே அறிக்கையில் எம்.சி.வி. என்றொரு வரியும் இருக்கும். அது சிவப்பணுவின் பருமன். அது 80 இற்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்துப் போயிருக்கின்றன என்று பொருள். இங்கேதான் குழப்பம் வருகிறது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் அணு சிறுக்கும், தலசீமியா மரபணுவைக் காவுகிறவருக்கும் அணு சிறுக்கும். அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றின் பரிசோதனையும், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையும் இரண்டையும் வேறுபடுத்தும். ‘ஈமோகுளோபின் ஏ2’ நூற்றுக்கு 3.5 இற்கு மேல் இருப்பது பீற்றா தலசீமியாக் காவியின் வழக்கமான அடையாளம். இரும்பு மிகவும் குறைந்திருந்தால் ஏ2 அளவும் குறைந்து காட்டக்கூடும் என்பதால் இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே வைத்தியர் வாசிப்பார்.

ஒருவர் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை ஒழுங்காக எடுத்தும் ஈமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் இந்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். காவி ஒருவருக்கு இரும்புக் குறைவும் சேர்ந்தே இருக்கலாம், கர்ப்பகாலத்தில் அது சாதாரணம். ஆகவே காவி என்று தெரிந்தவுடன் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் பிழை. மாத்திரை எடுப்பவர் தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விட்டு, தோடம்பழமோ எலுமிச்சம்புளியோ சேர்த்துக்கொண்டால் பலன் கூடும்.

இந்த மரபணு எப்படி வந்தது?

தலசீமியா தொற்றுநோய் அல்ல. ஈமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் உள்ள மாற்றம் அது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் எல்லோரிடமும் உண்டு. ஒன்றில் மட்டும் மாற்றம் இருப்பவர் காவி. அவர் நோயாளி அல்ல. கடலுக்குப் போவார், வயல் செய்வார், பிள்ளை பெறுவார், தான் காவி என்று தெரியாமலே முதுமையடைவார்.

இரண்டு காவிகள் மணம் முடிக்கும்போதுதான் நோய் வெளிப்பட இடமுண்டு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளை நோயோடு பிறக்கவும், நான்கில் இரண்டு பங்கு காவியாகப் பிறக்கவும், நான்கில் ஒரு பங்கு மாற்றமே இல்லாமல் பிறக்கவும் வாய்ப்பு உண்டு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குப் பிழை. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகப் போடும் சீட்டு.

இலங்கையில் இந்த மரபணு பரவியிருப்பதற்கு மலேரியாவோடு தொடர்பு இருக்கிறது. தலசீமியாக் காவிகள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பிப் பிழைத்திருக்கலாம் என்று விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹோல்டேன் 1949 இல் முன்வைத்த கருத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோலும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து 2000 ஆம் ஆண்டு ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, எந்த நேரத்திலும் இலங்கையில் 2,000 இற்கு மேற்பட்ட தலசீமியா நோயாளருக்குச் சிகிச்சை தேவைப்படும் என்றும், அதன் செலவு சுகாதார வரவுசெலவில் 5 வீதம் அளவுக்குப் போகலாம் என்றும் கணித்தது. நாட்டின் தேசிய தலசீமியா மையம் குருநாகலில் இருக்கிறது.

இலங்கையில் இன்னொரு வகையும் உண்டு: ஒரு பெற்றோரிடமிருந்து பீற்றா தலசீமியாவும் மற்றவரிடமிருந்து ‘ஈமோகுளோபின் ஈ’ என்ற மாற்றமும் சேர்ந்து வருவது. இதில் சிலருக்குச் சிறுவயதிலேயே இரத்தம் தேவைப்படும், சிலர் ஒழுங்காக இரத்தம் ஏற்றாமலே வளர்ந்து பெரியவராகிறார்கள். ஆகவே ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏற்றுகிறார்கள், எங்கள் பிள்ளைக்கு ஏன் ஏற்றவில்லை’ என்ற ஒப்பீடு இந்த நோயில் பொருந்தாது.

வீட்டில் இருக்கும் தாதி

கடுமையான தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது சுகமாகவே இருக்கும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வெளிறும், பால் குடிக்கக் களைக்கும், நிறை ஏறாது, வயிறு ஒரு பக்கம் வீங்கும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு கீழே சாயும்போது மருத்துவமாதுவிடம் காட்டுவதற்குத் தயங்கக் கூடாது.

நோய் உறுதியானால் இரண்டு தொடக்கம் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிவரும். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்னும் ஈமோகுளோபின் 9.5 இற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நோக்கம். போக்குவரத்துக்குக் காசில்லை என்று ஒரு தவணையைத் தள்ளிப்போடும்போது பிள்ளையின் எலும்பும் வளர்ச்சியும் அதற்கு விலை கொடுக்கின்றன.

இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் மிக முக்கியமானது. பையிலுள்ள பெயர், இலக்கம், இரத்த வகை ஆகியவற்றைத் தாதியர் கட்டிலருகே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அப்போது பெயரை நீங்களும் உரத்துச் சொல்லுங்கள். ஒரே பெயருடைய இரண்டு பிள்ளைகள் ஒரே வாட்டில் இருப்பது எங்கள் ஊர்களில் புதுமையல்ல. குளிர் நடுக்கம், முதுகு நோ, சொறி, மூச்சுமுட்டல் எது வந்தாலும் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் கறுத்தால் அல்லது கண் மஞ்சளானால் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. உடலோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமைத்தான் வெளியேற்றும். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது. ஒழுங்காக இரத்தம் ஏற்றப்பட்ட பிள்ளைகளின் உயிரைப் பின்னாளில் பறித்தது பெரும்பாலும் இந்த இரும்புதான். அதை வெளியேற்ற மூன்று மருந்துகள் உண்டு.

டெஸ்ஃபெரியொக்ஸமின் ஒரு சிறிய பம்பின் மூலம் தோலின் கீழ் 8 தொடக்கம் 12 மணித்தியாலம், கிழமையில் ஐந்து இரவாவது செலுத்தப்படும். சிறுநீர் செம்மண் நிறமாக வந்தால் இரும்பு வெளியேறுகிறது, பயப்படத் தேவையில்லை. ஊசி குத்தும் இடத்தை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். காய்ச்சலோடு வயிற்று நோவும் வயிற்றோட்டமும் வந்தால் பம்பை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் சில கிருமிகள் இந்த மருந்தைப் பயன்படுத்திப் பெருகக்கூடியவை. டிஃபெரசிரொக்ஸ் நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரை. சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்கும் இரத்தப் பரிசோதனைகள் அதற்கு அவசியம். டிஃபெரிப்ரோன் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே எஃப்.பி.சி. செய்ய வேண்டும், அது வெண்குருதி அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடக்கூடும். நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை மாற்ற விரும்பினால் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்பு போட மாட்டேன் என்று பதின்வயதில் பிள்ளை அடம்பிடிக்கும். அதை ஒழுக்கக்கேடாகப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் ஊசியோடு படுக்கிற ஒருவரின் களைப்பு அது. கிளினிக்கில் மறைக்காமல் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்க்க வழியிருக்கும். பொருந்தும் சகோதரர் இருந்தால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் நோயைக் குணமாக்கவும் முடியும், சிறு வயதில் செய்தால் பலன் அதிகம்.

மண்ணீரல் இல்லாதவர்கள்

போரும் இரத்த நோயும் நேரடியாகச் சந்திக்கும் இடம் மண்ணீரல். இடது விலாவின் கீழ் இருக்கும் இந்த உறுப்பு இரத்தத்தை வடிகட்டி, அதில் நுழையும் கிருமிகளைப் பிடிக்கிறது. தலசீமியா நோயாளர் சிலருக்கு அது மிகவும் வீங்குவதால் எடுக்கப்படும். செல் துண்டாலோ குண்டாலோ வயிற்றில் காயப்பட்டு அது கிழிந்தால், இரத்தப் பெருக்கை நிறுத்த உடனே எடுத்துவிடுவார்கள். அப்படி உயிர் தப்பியவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். வயிற்றின் நடுவில் நீண்ட தழும்பு இருக்கும், உள்ளே என்ன எடுக்கப்பட்டது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மண்ணீரல் இல்லாமலும் சாதாரணமாக வாழலாம். ஆனால் நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் போன்ற கிருமிகள் இரத்தத்தில் புகுந்தால் காலையில் காய்ச்சலோடு எழும்பியவர் இரவுக்குள் ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம். சத்திரசிகிச்சை முடிந்து பல வருடமானாலும் இந்த ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. அதற்குரிய தடுப்பூசிகள் உண்டு, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தினமும் பெனிசிலின் கொடுப்பார்கள். நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியோடு நின்றுவிடாமல், மண்ணீரல் இல்லை என்பதையும் சொல்லி அன்டிபயோட்டிக் தேவையா என்று கேட்க வேண்டும்.

பழைய சத்திரசிகிச்சைக் காகிதம் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. வயிற்றை ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். வயிற்றில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்த எவரும், அடுத்த முறை எந்தக் காரணத்துக்காக வைத்தியரிடம் போனாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மண்ணீரல் இல்லாதவர், புற்றுநோய் மருந்து ஏறுகிறவர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை நீண்டகாலம் எடுப்பவர் எல்லோருக்கும் வீட்டு விதி ஒன்றுதான். காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினால் உடனே வைத்தியசாலை. பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனடோல் காய்ச்சலை இறக்கும், கிருமியை இறக்காது. வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும்.

மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியாவும் கடுமையாக வரும். 2012 ஒக்டோபருக்குப் பிறகு இலங்கையில் உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எங்கள் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே வருட இறுதியில் மன்னார்த் தீவில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு இலங்கையிலேயே முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவுக்குப் போய்வருகிறவர்களும் அங்கிருந்து திரும்பிவரும் அகதிக் குடும்பங்களும் காய்ச்சல் வந்தால் பயண விவரத்தை முதலில் சொல்ல வேண்டியது இதனால்தான்.

மாத்திரைக்குப் பிறகு கறுக்கும் சிறுநீர்

ஜீ6பீடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். அன்றாடம் எந்தக் குறையும் தெரியாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிறிமாக்குயின் போன்ற சில மருந்துகளோ, அலுமாரியில் துணிக்கு வைக்கும் நப்தலீன் உருண்டையோ பட்டால் சிவப்பணுக்கள் ஒரேயடியாக உடையும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். முன்பு ஒரு மாத்திரைக்குப் பிறகு அப்படி நடந்திருந்தால், மாத்திரையின் பெயரையும் நடந்ததையும் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

கல்யாணம் பேசும் வீடுகளில்

மச்சான் மச்சாள் திருமணம் மன்னாரில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் உண்டு. உறவுக்குள் முடிக்கும்போது இருவரும் ஒரே மரபணுவைக் காவும் வாய்ப்புக் கூடுகிறது. உறவுக்கு வெளியே முடித்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் தலசீமியாக் காவி. எழுபதுகளில் தொடங்கிய பரிசோதனைத் திட்டமும், திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்ட திருச்சபையும் சேர்ந்து, புதிதாக நோயோடு பிறக்கும் குழந்தைகளின் தொகையை ஏறத்தாழ இல்லாமலாக்கின. ஈரான் 1997 இல் திருமணத்துக்கு முன்னான பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சவூதி அரேபியாவிலும் 2004 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மார்க்கத்துக்கோ வழக்கத்துக்கோ இது விரோதம் என்று சொல்ல இடமில்லை.

சைப்பிரஸிலும் ஈரானிலும் இல்லாத ஒரு நெருக்கடி எங்களுக்கு இருக்கிறது. கர்ப்பத்தில் நோய் உறுதியானால் கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டப்படி அங்கே வழி உண்டு. இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. கர்ப்பம் தரித்த பிறகு தெரிந்துகொள்வதால் தெரிவுகள் மிகக் குறைவு. ஆகவே திருமணத்துக்கு முன், குறைந்தது முதல் கர்ப்பத்துக்கு முன் தெரிந்துகொள்வது இங்கே இன்னும் முக்கியம்.

என்னோடு பேசிய தாய்மார் பரிசோதனைக்கு அஞ்சவில்லை. அவர்கள் அஞ்சியது ஊர் வாய்க்குத்தான். ‘அந்தக் குமருக்கு இரத்தத்தில் ஏதோ இருக்காம்’ என்ற ஒரு வசனம் ஒரு பெண்ணின் சம்பந்தங்களை வருடக்கணக்கில் தடுத்துவிடும். மாப்பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்கும் வழக்கம் இல்லை. நோயுள்ள பிள்ளை பிறப்பதற்கு இரண்டு பேரின் மரபணுவும் வேண்டும் என்பதால், தாயை மட்டும் குற்றம் சொல்வதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. காவி ஒருவர் காவி அல்லாத எவரையும் பயமின்றி மணக்கலாம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே நாளில் எஃப்.பி.சி. செய்து, அறிக்கையை வைத்தியரிடம் காட்டிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் இவற்றை எழுதி, தேசிய அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வைக்கட்டும்: நோயின் சரியான பெயர், இரத்த வகை, கடைசி ஈமோகுளோபின், ஃபெரிற்றின் அளவுகள், இரத்தம் ஏற்றிய திகதிகள், அப்போது வந்த ஒவ்வாமை, எடுக்கும் மருந்தும் அளவும், மண்ணீரல் உண்டா இல்லையா, போட்ட தடுப்பூசிகள், கிளினிக் நடக்கும் வைத்தியசாலை. கையடக்கத் தொலைபேசியில் அதன் படமொன்றை எடுத்து, வெளிநாட்டிலுள்ள ஓர் உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை.

சுகமாக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இலங்கையின் இரத்த வங்கிகள் காசு வாங்காத தன்னார்வக் கொடையாளரை நம்பியே நடக்கின்றன. 18 இற்கும் 60 இற்கும் இடைப்பட்ட வயதும், 50 கிலோவுக்கு மேற்பட்ட நிறையும், 12.5 இற்குக் குறையாத ஈமோகுளோபினும் உள்ளவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஈமோகுளோபினைப் பார்ப்பார்கள். அதில் குறைவென்று திருப்பி அனுப்பினால் கோபிக்காமல் காரணத்தைத் தேடுங்கள். பலருக்குத் தங்கள் இரத்தத்தைப் பற்றிய முதல் தகவல் அந்த மேசையில்தான் கிடைக்கிறது.